படம் அல்ல, பெயர்: மெக்சிகோக் குறியெழுத்தைப் பற்றிச் சில திருத்தங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் சிறுவர் பக்கத்தில் ‘உங்கள் பெயரை ஆஸ்டெக் படத்தில் எழுதுங்கள்’ என்று ஒரு பகுதி வந்தது. ஈரோடு, திருப்பூர் வட்டாரப் பள்ளிகள் சிலவற்றில் அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். கண்காட்சிக்கும் அதை வைத்தே பிள்ளைகளைப் பழக்குகிறார்கள். விளையாட்டுக்கு எழுதியதுதானே என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பக்கம் சொல்லும் முக்கியமான மூன்று செய்திகளுமே பிழை. ஆஸ்டெக் மக்களுக்கு எழுத்தே கிடையாது, படம் மட்டும்தான் என்பது ஒன்று. ஆங்கில ‘ஏ’ முதல் ‘இசட்’ வரை எழுத்துக்கு ஒரு படமாக 26 படங்கள் கொண்ட அட்டவணை இன்னொன்று. கொடுமணல் பானைக் கீறல்களும் இதே வகை என்பது மூன்றாவது.

முதலாவதை முதலில் பார்ப்போம். 1519இல் ஸ்பானியர் வந்திறங்கியபோது மெக்சிகோவின் நடு மேட்டுநிலத்தில் ஆஸ்டெக் மக்கள் உட்படப் பெரும்பான்மையோர் பேசியது நாவாட்ல் மொழி. அவர்கள் தம் எழுத்தைக் கொண்டு கதையோ பாட்டோ வரிவரியாக எழுதி வைக்கவில்லை. ஆள் பெயர், ஊர்ப் பெயர், பதவி, நாள், எண் ஆகியவற்றுக்குத்தான் எழுத்து. மற்றது எல்லாம் காட்சி. இரண்டும் ஒரே தாளில் கலந்து கிடப்பதால் பார்க்கிறவர் முழுவதையும் படம் என்று நினைத்துவிடுகிறார். பாயில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா, அது படம். அவர் தலைக்குப் பின்னால் மெல்லிய கோடு ஒன்று இழுத்து அதன் நுனியில் சின்னதாக ஓர் உருவம் வரைந்திருக்கிறதா, அது எழுத்து, அவர் பெயர். படத்தைப் பார்த்துப் பொருள் சொன்னால் போதும். எழுத்தை நாவாட்லில் வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

அது எழுத்துதான் என்பதற்கு ஒரே பெயர் போதும். இட்ஸ்கோவாட்ல் என்பது ஆஸ்டெக் தலைநகரான தெனோச்டிட்லானின் நான்காம் அரசர் பெயர். ‘இட்ஸ்ட்லி’ என்றால் எரிமலைக் கண்ணாடிக் கல். கத்தியும் அம்பு முனையும் செய்யும் இந்தக் கறுப்புக் கல்லையே கீழே கருங்கல் என்கிறோம். ‘கோவாட்ல்’ என்றால் பாம்பு. 1541 வாக்கில் வரைந்த மெந்தோசா ஏட்டில், பாம்பின் உடம்பில் கருங்கல் அலகுகள் குத்தி நிற்பதாக அவர் பெயர் இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு, ‘கருங்கல் பாம்பு, பெயரின் பொருளை அப்படியே வரைந்திருக்கிறார்கள், இதில் எழுத்து எங்கே?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். டெஸ்கோகோ நகருக்குப் பக்கத்துத் தெபெட்லாவோஸ்டோக் ஊரின் வெர்காரா ஏட்டில் இதே பெயர் வருகிறது. அங்கே பாம்பே இல்லை. கருங்கல் முனை ஒன்று, மண்பானை ஒன்று, தண்ணீர் கொஞ்சம், அவ்வளவுதான். பானைக்கு ‘கோமிட்ல்’, அதில் எடுத்துக்கொள்வது ‘கோ’. தண்ணீருக்கு ‘ஆட்ல்’, அதில் ‘ஆ’. சேர்த்துப் படித்தால் இட்ஸ்-கோ-ஆ. பானைக்கும் தண்ணீருக்கும் பாம்போடு ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒலிக்காக மட்டுமே வந்து நிற்கின்றன. பொருளை விட்டு ஒலியை மட்டும் பிடித்துக்கொள்கிற வேலையைச் செய்வது எழுத்து ஒன்றுதான்.

இது புதிதாகச் சொல்கிற செய்தி அல்ல. பிரெஞ்சு அறிஞர் ஒபேன் 1849இலேயே இந்தப் பானையையும் தண்ணீரையும் எடுத்துக் காட்டிவிட்டார். பின்னால் வந்த பெரிய அறிஞர்கள் சிலர் நம்பவில்லை. ஸ்பானியரின் எழுத்தைப் பார்த்த பிறகே இப்படி எழுதத் தொடங்கினார்கள் என்ற எண்ணம் நெடுங்காலம் ஓடியது. 2008இல் ஸ்பானிய அறிஞர் அல்ஃபோன்சோ லகாதேனா ஒலிக்குறிகளை ஓர் அட்டவணையாகத் தொகுத்தார். டெஸ்கோகோப் பக்கத்து எழுத்தர்கள் ஒலிக்குறியைத் தாராளமாகப் புழங்கினார்கள், தெனோச்டிட்லான் எழுத்தர்கள் சிக்கனமாகப் புழங்கினார்கள், இது வட்டார வழக்கின் வேறுபாடு என்பது அவர் வாதம். தனித்தனிக் குறிகளின் வாசிப்பில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ‘எழுத்தே இல்லை’ என்று சிறுவர் பக்கத்தில் அடித்துச் சொல்லும் நிலை இப்போது இல்லை.

படிக்கும் முறை இதுதான். குறிகளில் இரண்டு வகை. முழுச் சொல்லைக் குறிப்பது சொற்குறி. ஓர் அசையை மட்டும் குறிப்பது ஒலிக்குறி. வரைந்திருப்பது என்ன பொருள் என்று முதலில் அடையாளம் காண வேண்டும். பிறகு அதற்கு நாவாட்லில் என்ன பெயர் என்று பார்க்க வேண்டும்; அலோன்சோ தெ மொலினாவின் 1571ஆம் ஆண்டு அகராதி இன்றைக்கும் இதற்குக் கைகொடுக்கிறது. பிறகு பெயரின் வாலை வெட்ட வேண்டும். நாவாட்ல் பெயர்ச்சொற்கள் தனித்து நிற்கும்போது ட்ல், ட்லி, லி, இன் என்ற விகுதிகளில் ஒன்றோடு முடியும். குறியாகப் படிக்கும்போது அந்த விகுதி உதிர்ந்துவிடும். கல் ‘தெட்ல்’, படிப்பது ‘தே’. கொடி ‘பன்ட்லி’, படிப்பது ‘பன்’. கை ‘மாயிட்ல்’, படிப்பது ‘மா’. பல் ‘ட்லன்ட்லி’, படிப்பது ‘ட்லன்’. ஊர்ப் பெயர்களின் கடைசியில் வரும் ‘-ட்லான்’ என்பதற்கு ஈறோடு கூடிய இரண்டு மூன்று பற்களை வரைவதும், ‘-பன்’ என்பதற்குக் கொடி நாட்டுவதும் இப்படித்தான். ‘-ட்ஸின்கோ’ என்று முடியும் ஊருக்கு ஓர் ஆளின் இடுப்புக்குக் கீழ்ப்பாதியை மட்டும் வரைவார்கள். பின்புறத்துக்கு ‘ட்ஸின்ட்லி’ என்று பெயர். வகுப்பில் இந்த ஒரு குறியைச் சொன்னால் பிள்ளைகள் மற்றதை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள்.

பொருளை அடையாளம் காண்பதில்தான் பாதிப் பிழை நடக்கிறது. ஓவியர் விருப்பம்போல் வரைந்த படங்கள் அல்ல இவை. ஒவ்வொன்றுக்கும் கட்டுப்பாடான உருவம் உண்டு. தண்ணீர் நீல ஓடையாகக் கிளை பிரிந்து, நுனிகளில் துளியும் சிப்பியும் மாறி மாறி நிற்கும். மலை பச்சை மணி கவிழ்த்ததுபோல் இருக்கும்; அடியில் சிவப்பு மஞ்சள் பட்டை ஓடும். கல் நீள்வட்டமாக, குறுக்கே வளைந்த பட்டைகளோடு, இருமுனையிலும் சுருண்டிருக்கும். வழி என்றால் காலடித் தடங்கள். பேச்சுக்கு வாயிலிருந்து ஒரு சுருள் கிளம்பும். புகைக்கும் சுருள்தான், ஆனால் அது பொருளின் ஓரத்திலிருந்து கிளம்பும். கேடயத்தின் ஓரத்தில் சுருள்கள் இருந்தால் ‘சிமல்போபோகா’, புகையும் கேடயம், மூன்றாம் அரசர். மரத்துக்கு வாயும் சுருளும் இருந்தால் ‘குவாவ்நாவாக்’ என்னும் ஊர். இப்போது குவெர்னவாகா என்று சொல்கிறார்கள். அங்கே மரம் ‘குவாவ்’, சுருள் ‘நாவா’. கழுத்தில் முறுக்கிய நோன்புப் பட்டை கட்டிய நரி போன்ற தலை ‘நெஸாவல்கோயோட்ல்’. பட்டை இல்லாவிட்டால் வெறும் ‘கோயோட்ல்’. அந்தப் பட்டையைக் கழுத்தணி என்று நினைத்து விட்டுவிட்டால் டெஸ்கோகோவின் மிகப் பெரிய அரசர் காணாமல் போவார்.

குறிகளுக்கு இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்ற கட்டாயம் இல்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றின் வயிற்றுக்குள் இன்னொன்று இருக்கும். வரிசையைத் தீர்மானிப்பது மொழி அறிவுதான். அதனால்தான் ஒரே குறி மூன்று இடங்களில் மூன்று வேலை செய்ய முடிகிறது. தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். ‘அஷாயாகாட்ல்’ என்ற அரசர் பெயருக்கு ஒரு முகமும் தண்ணீரும் வரையப்படும். முகம் ‘ஷாயாகாட்ல்’, தண்ணீர் ‘ஆ’. இங்கே தண்ணீரை முதலில் படிக்க வேண்டும். இட்ஸ்-கோ-ஆவில் அதையே கடைசியில் படிக்கிறோம். ‘அகோல்வாகான்’ என்ற நாட்டின் பெயருக்கு மடக்கிய கையும், அதன் தோளருகே கொஞ்சம் தண்ணீரும் இருக்கும். தோளுக்கு ‘அகோல்லி’ என்று பெயர். தோளைப் படித்தாலே ‘அகோல்’ வந்துவிடுகிறது. பின் தண்ணீர் எதற்கு? வரைந்திருப்பது கைதானே, ‘மா’ என்று படித்துவிடாதே, ‘ஆ’ என்று தொடங்கும் சொல்லைத் தேடு என்று வாசகருக்குக் கைகாட்டுவதற்கு. அதைத் தனியாகப் படிக்கக் கூடாது. படித்தால் ‘ஆ-அகோல்’ என்று ஆகிவிடும். இப்படித் துணைக்கு நிற்கும் குறியைத் துணைக்குறி என்று சொல்லலாம். புதிதாகப் படிக்கிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

எழுதாமல் விடுவதும் நிறைய. நெடில் குறில் வேறுபாடு குறியில் தெரியாது. அசையின் கடைசியில் வரும் மெய்யைப் பல சமயம் விட்டுவிடுவார்கள். ‘-கோ’, ‘-க்’ போன்ற இட விகுதிகளை எழுத்தர் எழுதாமலே வாசகர் சேர்த்துக்கொள்வார். இதைக் குறை என்று சொல்லும் உரிமை நமக்குக் கிடையாது. புள்ளியில்லாத ஓலைச்சுவடியைத் தடையில்லாமல் படித்து வந்தவர்கள் நாம். எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் பிரித்துக் காட்டாத சுவடியில் எது எது என்று படிப்பவர்தான் அறிந்துகொண்டார்.

இன்னொரு சிக்கல் ஒலி ஒப்புமை. மரம் ‘குவாவிட்ல்’, கழுகு ‘குவாவ்ட்லி’. வாலை வெட்டிச் சேர்த்தால் இரண்டுமே ‘குவாவ்’. பெயரில் இருப்பது மரமா கழுகா என்று, லத்தீன் எழுத்தில் எழுதிய பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாத இடங்கள் உண்டு. குறியைப் பார்த்தால் எழுத்தர் எதை நினைத்தார் என்றாவது தெரியும். கடைசி அரசர் ‘குவாவ்தேமோக்’ பெயருக்குக் கழுகோடு கீழ்நோக்கிய காலடித் தடங்கள் இருப்பதால் அங்கே சந்தேகம் இல்லை. இறங்கும் கழுகு.

ஆள் பெயர்களை மட்டும் தேடுகிறவர்களுக்கு அரசர் பட்டியலைவிட வரிக் கணக்குகள்தான் சுரங்கம். வெஷோட்ஸின்கோ என்ற ஊரின் பதிவேடு 1560ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. வரி கட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு தலை. தலையை ஒட்டி அவர் பெயர்க் குறி. பக்கத்தில் லத்தீன் எழுத்தில் அதே பெயர். முதியவர் முகத்தில் சுருக்கம் இருக்கும், கைம்பெண் கண்ணில் நீர் இருக்கும். அவை பெயரில் சேராது; வரிக் கணக்குக்கான குறிப்பு. பாம்பு, முயல், மான், பூ, கழுகு, மழை, நட்சத்திரம் என்று ஆயிரக்கணக்கான பெயர்கள் ஓடுகின்றன. ‘யாவோட்ல்’ (போர், பகை) என்ற பெயருக்குக் கேடயமும் கருங்கல் பல் பதித்த தடியும். லத்தீன் எழுத்தில் முன்னால் ஹுவான், பெத்ரோ என்று ஞானஸ்நானப் பெயர் நிற்கும். குறி பெரும்பாலும் பின்னால் வரும் நாவாட்ல் பெயருக்குத்தான். இதை அறியாமல் பாம்புத் தலைதான் ஹுவானுக்குக் குறி என்று எழுதினால் கதை கந்தல்.

தங்கள் பக்கத்தில் இந்தப் பதிவேட்டின் பெயரைப் போட்டு அச்சிட்டிருக்கும் படமோ வெஷோட்ஸின்கோ ஏடு. அது வேறு. 1531இல் எட்டுத் தாள்களில் வழக்குக்காக வரைந்தது, கன்னிமேரி கொடியின் படம் இருப்பது அதில்தான், வாஷிங்டனில் இருக்கிறது. ஊர் ஒன்று, ஆவணம் இரண்டு. மேலும் வெஷோட்ஸின்கோ தெனோச்டிட்லானுக்கு அடங்கிய ஊர் அல்ல, அதோடு மாறி மாறிப் போரிட்ட ஊர். அவர்களையும் ஆஸ்டெக் என்ற ஒரே சொல்லுக்குள் போடாமல் நாவாட்ல் மக்கள் என்று எழுதுவது நல்லது.

மேலே சொன்ன வெர்காரா ஏடு தெபெட்லாவோஸ்டோக் ஊராரின் அடங்கல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பகுதியில் வீட்டுக்கு வீடு ஆட்கள்; அடுத்த பகுதிகளில் அதே குடும்பத் தலைவர்களின் நிலம், பக்க அளவு, பரப்பு. அளவுகோல் சுமார் இரண்டரை மீட்டர் நீளமுள்ள கோல். ஒரு கோலுக்குக் குறைந்த மிச்சத்தைக் காட்டக் கை, அம்பு, இதயம் ஆகியவற்றை வரைந்தார்கள். இதே கை பெயரில் வந்தால் ‘மா’, அம்பு வந்தால் ‘மி’. நிலத்தின் ஓரத்தில் வந்தால் அளவு. எனவே குறி எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்று பார்க்காமல் படிக்கக் கூடாது. தலையில் ஒட்டியிருந்தால் பெயர், வரப்பில் ஒட்டியிருந்தால் அளவு.

பெயர் எல்லாம் பிறந்த நாளை வைத்து என்று தங்கள் பகுதியில் ஒரு வரி வருகிறது. பாதி சரி. 20 நாட்குறிகளும் 1 முதல் 13 வரை எண்களும் சுழன்று 260 நாள் கொண்ட கணக்கு உண்டு. பிறந்த நாளின் பெயரே குழந்தைக்கு வருவதும் உண்டு. பிறந்த நாள் தீயது என்றால் நாள் பார்க்கிறவர் பெயர் சூட்டுவதை நல்ல நாளுக்குத் தள்ளி வைப்பார். நான்காம் நாள் மருத்துவச்சி குழந்தையை நீராட்டுவதும், மூன்று சிறுவர்கள் வறுத்த சோளமும் அவரையும் தின்றுகொண்டே பெயரைக் கூவுவதும் மெந்தோசா ஏட்டில் வரைந்தே இருக்கின்றன. ஆனால் வரிப் பதிவேடுகளில் எண் பெரும்பாலும் போய்விடும், முயல் மட்டும் நிற்கும். பெண்களுக்கோ பிறந்த வரிசையே பெயராகிவிடுவது சர்வசாதாரணம்: மூத்தவள் தெயாகாபன், நடுவள் ட்லாகோ, கடைக்குட்டி ஷோகோ. பெரியம்மாளும் சின்னம்மாளும் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊரில் இதை விளக்கவே வேண்டாம்.

ஸ்பானியப் பெயர் வந்தபோது எழுத்தர்கள் செய்ததைப் பார்த்தால் அட்டவணைப் பிழை தானே விளங்கும். ஸ்பானியத்தின் ர ஒலியும், ஆங்கில d, b போன்ற அதிர்வொலிகளும் நாவாட்லில் இல்லை. வைசிராய் மெந்தோசாவின் பெயருக்குக் கற்றாழை இனத்து ‘மெட்ல்’ செடியையும், ‘தோஸான்’ என்ற வளை எலியையும் வரைந்தார்கள்: மே-தோஸா. ‘பாத்தெர் நோஸ்தெர்’ என்ற லத்தீன் செபத்தை நினைவில் வைக்கக் கொடியும் (பன்), சப்பாத்திக் கள்ளிப் பழமும் (நோச்) வரைந்ததை மென்தியெத்தா என்ற பிரான்சிஸ்கன் துறவி எழுதி வைத்திருக்கிறார். பெத்ரோவுக்குச் சில இடங்களில் புனிதரின் சாவி. எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்க்கவில்லை. அசைக்கு அசை, கிட்டத்தட்ட ஒலித்தால் போதும் என்று வைத்தார்கள். 26 படம் கொண்ட அட்டவணையில் கழுகை ‘ஏ’ என்றும் முயலை ‘பி’ என்றும் வைப்பது ஆங்கில எழுத்துக்கு வேடம் போடுவது. அதற்கும் நாவாட்லுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. யுகட்டானில் தியெகோ தெ லாந்தா என்ற பாதிரியார் 16ஆம் நூற்றாண்டில் மாயா எழுத்தரிடம் ஸ்பானிய அரிச்சுவடியைச் சொல்லி எழுதச் சொன்னார். எழுத்தர் தம் காதில் விழுந்த அசைகளை எழுதிக் கொடுத்தார். அதை அரிச்சுவடி என்றே நம்பிப் பின்னால் வந்தவர்கள் எத்தனையோ ஆண்டு வழிதவறினார்கள். அந்தப் பிழையை நாமும் செய்ய வேண்டாம்.

கண்காட்சிக்குப் பிள்ளைகளைப் பழக்கத்தான் வேண்டும் என்றால், நாவாட்ல் குறிகளைத் தூக்கித் தமிழ்ப் பெயர்மேல் வைக்காதீர்கள். ‘தே’ என்ற ஒலிக்குக் கல் வரைந்தால் நம் பிள்ளை ‘கல்’ என்றுதான் படிக்கும். முறையை மட்டும் எடுத்துக்கொண்டு தமிழ்ச் சொற்களை வைத்துச் செய்ய வேண்டும். அது நன்றாகவே வருகிறது.

ஊர்ப் பெயரில் தொடங்குவது எளிது. வால்பாறைக்கு ஒரு பாறையும் அதிலிருந்து தொங்கும் வாலும் போதும். ஆனைமலைக்கு மலைமேல் ஆனை. இரண்டும் சொற்குறிச் சேர்க்கை, ‘சபோல்தெபெக்’ ஊருக்கு மலைமேல் வெட்டுக்கிளி இருப்பதுபோல. அடுத்தது மேட்டுப்பாளையம். மேட்டை வரைந்துவிடலாம். பாளையத்தை எப்படி வரைவது? படை தங்கிய இடம் என்று கூடாரம் வரைந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். தென்னம்பாளையை வரையுங்கள். மேடும் பாளையும், ‘யம்’ எழுதாமலே வந்துவிடும். கொங்கு நாட்டில் பாளையம் என்று முடியும் ஊருக்கா பஞ்சம்? இந்த ஒரு குறியைக் கற்றால் நூறு ஊரின் பின்பாதி எழுதியாயிற்று. அவர்கள் ‘-ட்லான்’ என்பதற்குப் பல்லை வைத்தது இதே வேலைதான். ஈரோட்டுக்கு இரண்டு கூரை ஓடு. அன்னூருக்கு அன்னத்தின் கீழே ஊரும் நத்தை.

பெயருக்கு வந்தால், கண்ணம்மாவுக்குக் கண்ணும் அம்மியும். பழனிச்சாமிக்குப் பழம், நீர், சாமைக் கதிர்: பழ-நி-சாமை. சாமை சாமியாகுமா என்று தமிழாசிரியர் கேட்பார். பன்ட்லி பாத்தெர் ஆனபோது சாமை சாமி ஆகலாம். ‘நீ’ குறுகி ‘நி’ ஆவதும் முறைக்கு உட்பட்டதே. நாச்சிமுத்துவுக்கு நாக்கு, சீப்பு, முத்து. இங்கே ஒரு கோளாறு வரும். முத்தை உருண்டையாக வரைந்தால் பார்க்கிற பிள்ளை கோலி என்றோ மணி என்றோ பொட்டு என்றோ படிக்கும். அதற்குத்தான் துணைக்குறி. முத்தை ஒட்டிச் சின்னதாக ஒரு முள் வரையுங்கள். ‘மு’ என்று தொடங்கும் உருண்டைப் பொருள் முத்துதான். முள்ளைத் தனியாகப் படிக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்காகத் துணைக்குறியை முதன்மைக் குறியில் பாதி அளவுக்குமேல் பெரிதாக வரையாமல் இருப்பது நல்லது.

பெயருக்கு நான்கு குறிகளுக்குமேல் போக வேண்டாம். கோபிசெட்டிபாளையத்தை முழுசாக எழுதப் புகுந்தால் தாள் போதாது. கோவும் பாளையும் போட்டால் ஊர்க்காரர் படித்துக்கொள்வார், மற்றதை விடுங்கள். ஒரு குறிக்கு ஐந்து சென்டிமீட்டர் சதுரம் கொடுத்து, முதலில் பென்சிலில் வெளிக்கோடு, பிறகு கறுப்பு மை, காய்ந்தபின் நிறம் என்று போனால் நிறம் கோட்டைத் தின்னாது. பழைய எழுத்தர்களும் கறுப்புக் கோட்டுக்குள்தான் நிறம் நிரப்பினார்கள்.

பிள்ளைகள் அதிகம் செய்யும் பிழை, பெயரின் பொருளை விளக்கிப் படம் போடுவது. சூர்யா என்ற பிள்ளை சூரியனை வரைந்தால் அது சொற்குறி, சரி. அன்பரசி என்ற பிள்ளை இதயமும் கிரீடமும் வரைந்தால் பார்க்கிறவர் ராணி என்பார், காதல் என்பார். அன்பரசி என்று வராது. அம்பும் அரிசியும் வரையட்டும். ‘அம்ப்-அரிசி’ என்று வாய்விட்டுச் சொன்னாலே பெயர் வந்துவிடும். கார்த்திக்குக்கு ஓடுகிற காரை வரையலாமா என்று கேட்பார்கள், தாராளமாக வரையலாம். சாவி மெக்சிகோவுக்கு வந்து பெத்ரோ ஆகவில்லையா?

எழுதி முடித்தால் சோதனை ஒன்றுதான். பெயர் தெரியாத அடுத்த வகுப்புப் பிள்ளையிடம் தாளைக் கொடுத்து, இது ஓர் ஆளின் பெயர் என்று மட்டும் சொல்லிப் படிக்க வைப்பது. சரியாகப் படித்தால் எழுத்து. வேறாகப் படித்தால், எந்தக் குறியில் தவறியது என்று கேட்டு அங்கே துணைக்குறி சேர்க்க வேண்டும். ‘அழகாக இருக்கிறது, ஆனால் என்ன பெயர்?’ என்று கேட்டால் அது படம்.

கொடுமணல் பற்றிச் சுருக்கமாக. நொய்யல் கரையில் கிடைத்த ஓடுகளில் இரண்டு வகை உண்டு. ஆதன், பண்ணன், சம்பன், சுமணன் போன்ற பெயர்கள் தமிழ்ப் பிராமியில் இருக்கின்றன. அவை அசையெழுத்து, ஐயமில்லாமல் படிக்கப்பட்டவை. அறச்சலூர் மலையில் தேவன் சாத்தன் என்ற பெயர் இருப்பதும் அதே எழுத்தில்தான். இவற்றோடு குறியீட்டுக் கீறல்களும் ஓடுகளில் உண்டு. அவை உடைமைக் குறியா, குலக் குறியா, குயவர் குறியா என்று வாதம் நடக்கிறது. ஒலி கொடுத்துப் படித்துக் காட்ட இதுவரை வழி கிடைக்கவில்லை. நாவாட்ல் குறிகளைப் படிக்க முடிவதற்குக் காரணம், பக்கத்திலேயே அதே பெயரை அதே காலத்தார் லத்தீன் எழுத்தில் எழுதி வைத்ததும், அந்த மொழியை இன்றும் சுமார் 16 லட்சம் பேர் பேசுவதும். கொடுமணல் கீறல்களுக்கு அப்படிப்பட்ட பக்கத்துணை கிடையாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு ‘பாருங்கள், ஒன்றுபோல் இருக்கிறது’ என்று சொல்வதால் இரண்டுமே விளங்காமல் போகும். சூரியனை வட்டமாகவும் மீனை மீனாகவும்தான் எந்த நாட்டிலும் வரைவார்கள்.

அடுத்த இணைப்பில் திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், 26 கட்ட அட்டவணையை எடுத்துவிட்டு இட்ஸ்கோவாட்லின் இரண்டு வடிவங்களையும் அகோல்வாகான் கையையும் பக்கத்தில் வைத்து அச்சிடுங்கள். அந்த மூன்று குறியே ஒரு பாடத்துக்குப் போதும். வண்ணப் பக்கத்தில் போடுவது அவசியம். சென்ற முறை கறுப்பு வெள்ளையில் வந்ததால் தண்ணீர்க் கிளையும் புகைச் சுருளும் பேச்சுச் சுருளும் ஒன்றாகத் தெரிந்தன. நீலம் விழாவிட்டால் துளியும் சிப்பியுமாவது தெரியும்படி குறியை நான்கு சென்டிமீட்டருக்குக் குறையாமல் பெரிதாக்குங்கள். படத்துக்குக் கீழே எந்த ஏடு, எந்தப் பக்கம் என்பதையும் போட்டால் ஆசிரியர்கள் மூலத்தை இணையத்தில் எடுத்து ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
பழைய எழுத்துகளைப் படித்துப் பயிலும் வாசகர்கள் சிலர்,
ஈரோடு, பெருந்துறை, சென்னிமலை.